துருவும் திருவுருவும்

கடுக்காயை இடித்து வெந்நீரில் இரண்டு நாள் ஊறவைத்து, வடிகட்டிய சாற்றைத் துருவேறிய இரும்பின்மேல் தூரிகையால் தடவினால், செங்கல் நிறத்தில் பொரிந்து கிடக்கும் துரு, நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முதலில் பழுப்பாகி, பிறகு நீலம் பாய்ந்து, சிறிது நேரத்துக்கெல்லாம் மைபோலக் கறுத்து இரும்போடு இரும்பாய்ப் படிந்துவிடும். கள்ளக்குறிச்சியில் என் தமக்கை வீட்டுப் புழக்கடையில், வேப்பமரத்து நிழலில், நான்கு மரக்கட்டைகளின்மேல் ஏற்றி நிறுத்தியிருந்த ஒரு பழைய ஜீப்பின் அடிச்சட்டத்துக்கு அவள் மகன் இவ்வாறு கடுக்காய்ச் சாறு பூசிக்கொண்டிருந்த ஒரு சந்தை நாள் மாலையில்தான், அந்த வண்டியை இருபது ஆண்டுகளுக்குமேல் கல்வராயன் மலையில் ஓட்டிய முதியவர், மலையிலிருந்து இறங்கி வந்தவர், கேள்விப்பட்டுத் தேடிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்து வண்டியை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். கதவில்லாத பக்கத்தில் கையை வைத்தார். பிறகு, “தம்பி, இது எங்க வண்டிதானா?” என்று கேட்டார்.

பையன், “ஆமாங்க ஐயா, உங்க வண்டிதான்” என்று உடனே சொல்லிவிட்டான். அந்த விடை எவ்வளவு எளிதில் வாயிலிருந்து வந்ததோ, அவ்வளவு எளிதில் மெய்யாகிவிடக்கூடியதா என்ற ஐயம் மட்டும் அன்று முதல் என்னை விடாது பற்றிக்கொண்டது.

கல்வராயன் மலை 1976 வரை ஜாகீர்தார்களின் ஆளுகையில் இருந்த நாடு. சாமையும் தினையும் விதைத்து வாழ்ந்த மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர்களுக்கு நெடுங்காலம் ஒற்றையடிப் பாதையே பாதை. வண்டிப் பாதை பின்னர்தான் மெல்ல மெல்ல வந்தது. கச்சிராயபாளையத்தைத் தாண்டி, கோமுகி அணையை ஒட்டி, வெள்ளிமலைக்கு ஏறும் வழியில், பேருந்து செல்லாத இடங்களுக்கெல்லாம் பிரசவ வேதனையில் துடிக்கும் பெண்ணையும், மரவள்ளிக் கிழங்கு மூட்டையையும், புளியையும் கடுக்காயையும், பள்ளிக்கூடத்துப் பலகைகளையும் வேறுபாடு பாராமல் ஏற்றி இறக்கியவை ஜீப்புகளே. அவற்றில் ஒன்றுதான் இது. மகிந்திரா நிறுவனம் 1980-களில் பெஜோ வடிவமைப்பிலான டீசல் எஞ்சினைப் பொருத்தி வெளியிட்ட எம்.எம். 540. பிற்காலத்தில் ஒரு மாட்டுக்கொட்டகையின் பின்னால் ஆண்டுக்கணக்காக மழையில் நின்று, தரைத்தகடு அரித்து, மட்கார்டில் விரல் நுழையும் ஓட்டைகள் விழுந்து, காயலாங்கடைக்கு எடைக்குப் போகவிருந்த நிலையில் என் தமக்கை மகன் அதை விலைக்கு வாங்கினான். 1993-ல் வெளிவந்த ஸ்பீல்பெர்க்கின் ‘ஜுராசிக் பார்க்’ படத்தில், மணல் நிற உடம்பில் செந்நிறக் கீற்றுகள் சரிந்தோடக் காட்சி தருகின்ற பூங்கா ஜீப்பைப் போல இதை ஆக்கிவிட வேண்டும் என்பது அவன் சங்கல்பம்.

இந்தச் சங்கல்பத்தை முதலில் நான் மதிக்கவில்லை. திரைப்பட மோகத்தின் இன்னொரு வடிவம் என்றே எண்ணினேன். அவன் வேலை செய்யும் முறையைக் கண்ட பிறகு அந்த எண்ணம் கரைந்தது. படத்தை ஓடவிட்டு, வண்டி பக்கவாட்டில் நிற்கும் ஒரு காட்சியில் நிறுத்தி, சக்கரத்தின் விட்டத்தை ஓர் அலகாகக் கொண்டு, கதவில் கீற்று தொடங்கும் உயரம் அதில் எத்தனை பங்கு, சரிவு எத்தனை பங்கு என்று நோட்டுப்புத்தகத்தில் குறித்துக்கொண்டே போனான். முகத்தின் நீளத்தை ஒரு தாளமாக வைத்து, மார்பு இத்தனை, உந்தி இத்தனை என்று பகுத்துக் கொள்ளும் சிற்பியின் முறையும் இதுவே அல்லவா? பிரதிமை என்னும் சொல்லில் ‘பிரதி’ என்ற உபசர்க்கமும், அளத்தலைக் குறிக்கும் ‘மா’ என்ற தாதுவும் சேர்ந்திருக்கின்றன. ஒன்றைப் பார்த்து அதற்கு நேராக அளந்து செய்தது பிரதிமை. நாம் அச்சொல்லைக் கேட்டதும் கல்லையும் செம்பையும் நினைக்கிறோம். சொல்லோ அளக்கின்ற கையை நினைக்கிறது.

ஆனால் எதைப் பார்த்து அளப்பது? அவன் மூலமாகக் கொண்ட ஜீப்பே ஒரு வேடதாரி. கடையில் விற்ற ஒரு ராங்ளர் வண்டிக்குப் படத்துக்காக வர்ணம் பூசி, கதவில் எலும்புக்கூட்டு முத்திரை ஒட்டி, எண் எழுதி நிறுத்தினார்கள். அந்தப் பூங்கா உலகத்தில் எங்கும் இல்லை. கதையின் உள்ளேயும் இதே சிக்கல்தான் இருக்கிறது. மைக்கேல் கிரைட்டன் 1990-ல் எழுதிய நாவலிலும், அதைத் தழுவிய படத்திலும், பிசினில் சிக்கிய கொசுவின் வயிற்று இரத்தத்திலிருந்து டைனோசரின் மரபணுவை எடுக்கிறார்கள். அதில் அறுந்துபோன இடங்களைத் தவளையின் மரபணுவைக் கொண்டு ஒட்டுகிறார்கள். பெண் விலங்குகளை மட்டுமே படைத்தோம் என்று அவர்கள் நிம்மதியாக இருக்க, தவளையிடம் கடன் வாங்கிய பகுதி தன் சுபாவத்தைக் காட்டி, சில பெண்கள் ஆணாக மாறி முட்டைகள் பொரிகின்றன. இரவல் வாங்கிய அங்கம் தன் குணத்தையும் உடன் கொண்டுவரும் என்பதை அக்கதையில் நான் மிகவும் மதிக்கிறேன். 2015-ல் வந்த ‘ஜுராசிக் வேர்ல்டு’ படத்திலோ, பாழடைந்த பழைய கட்டடத்தில் தூசி மூடிக் கிடக்கும் 29-ஆம் எண் ஜீப்பை இரு சிறுவர்கள் பழுது பார்த்து ஓட்டிக்கொண்டு தப்புகிறார்கள். எங்கள் புழக்கடையில் நடந்ததும் ஏறக்குறைய அதுதான்.

மூலம் அழிந்து பிம்பம் மட்டும் எஞ்சுவது என்பது வெறும் கதையுமன்று. நமக்குத் தெற்கே அரியலூர்ச் சீமையின் கல்லமேட்டில் கிடைத்த மாபெரும் எலும்புகளை ஆராய்ந்து, யாதகிரி, அய்யாசாமி என்னும் இரு புவியியலாளர்கள் 1987-ல் அவ்விலங்குக்குப் பிருஹத்காயோசாரஸ், அதாவது பேருடல் பல்லி, என்று பெயரிட்டார்கள். முதலில் ஊனுண்ணி என்று கருதப்பட்ட அது, பின்னர் நீண்ட கழுத்துத் தாவர உண்ணியாக மதிக்கப்பட்டது. அந்த எலும்புகள் இன்று இல்லை. காலப்போக்கில் பொடிந்து போயின. கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்குள் இருந்த உடல் வெளிச்சத்துக்கு வந்தபின் சில பத்தாண்டுகள்கூட நிலைக்கவில்லை. அதன் கோட்டுப்படங்களும் புகைப்படங்களும் நிலைத்திருக்கின்றன. இப்போது அறிஞர்கள் வாதாடுவது அந்தப் படங்களை வைத்துக்கொண்டுதான். சாயலை இழிவாகப் பேசுகிறவர்கள் கல்லமேட்டை ஒரு கணம் நினைக்க வேண்டும்.

முதியவரின் கேள்விக்குத் திரும்புகிறேன். மிலிந்தன் என்ற யவன அரசன் தேரேறி வந்து நாகசேனர் என்ற பௌத்த பிக்குவைக் கண்டபோது, அச்சுதான் தேரா, சக்கரம்தான் தேரா, நுகம்தான் தேரா என்று பிக்கு ஒவ்வொன்றாகக் கேட்க, எதுவும் தேரன்று என்று அரசன் ஒப்புக்கொள்ள, தேர் என்பது இவையனைத்தும் கூடியபோது வழங்கும் பெயரே என்ற முடிவுக்கு இருவரும் வந்ததை மிலிந்த பஞ்ஹா கூறும். நமது சட்டம் நாகசேனரோடு உடன்படுவதில்லை. அடிச்சட்டத்தில் ஓரிடத்தில் எமரித்தாள் போட்டுத் துருவைத் தேய்க்கத் தேய்க்க, ஓர் எழுத்தும் பிறகு ஓர் எண்ணுமாக சேஸிஸ் எண் மேலெழுந்து வந்ததை நான் குனிந்து பார்த்தேன், ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எண்ணும் அதுவும் ஒன்றாயிருப்பதுதான் சட்டத்தின் கண்ணில் அந்த வண்டியின் ஆத்மா. இருக்கை மாறலாம், வர்ணம்கூட முறைப்படி பதிந்துகொண்டு மாறலாம். நிறுவனம் தந்த கட்டமைப்பை மாற்றக் கூடாது என்று 2019-ல் உச்ச நீதிமன்றமும் உரைத்துவிட்டது.

உளுந்தூர்ப்பேட்டைப் பக்கத்துத் திருநறுங்கொண்டையில் இன்றும் அப்பாண்டைநாதரை வழிபடும் சமணர்களின் தரிசனம் இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கிறது. தோன்றுதல், கெடுதல், நிலைத்தல் ஆகிய மூன்றும் ஒரே பொருளில் ஒரே கணத்தில் நிகழ்கின்றன என்பது அவர்கள் துணிபு. பொற்குடத்தை உருக்கி மகுடம் செய்தால், குடத்தை விரும்பியவன் அழுகிறான், மகுடத்தை விரும்பியவன் மகிழ்கிறான், பொன்னை விரும்பியவனுக்குத் துயரும் இல்லை, மகிழ்வும் இல்லை என்று சமந்தபத்திரர் காட்டிய உதாரணத்தை நான் அன்று மாலை கண்ணெதிரே கண்டேன். முதியவர் குடத்தை விரும்பியவர். பையன் மகுடத்தை விரும்பியவன். கிலோவுக்கு இவ்வளவு என்று விலை சொன்ன காயலாங்கடைக்காரர் மூன்றாமவர். மூவர் பார்வையும் மெய்யே என்று சமணரின் அநேகாந்தவாதம் அருளும். ஆயினும் அழுகிறவனுடைய அழுகையும் மெய்தான் என்று ஏற்றுக்கொண்டுவிட்டால் மட்டும் அவன் கண்ணீர் உலர்ந்துவிடுவதில்லையே.

இந்த இடத்தில் தர்க்கத்தைக் காட்டிலும் நம் கோயில் வழக்கம் கனிவுடையது என்று எனக்குத் தோன்றுகிறது. ஜீர்ணமான ஆலயத்தைப் புதுக்கத் தொடங்குமுன், மூர்த்தியின் சான்னித்தியத்தைக் கலாகர்ஷணம் என்னும் கிரியையால் கலசத்தில் ஆவாகனம் செய்து, பாலாலயத்தில் எழுந்தருளப் பண்ணி, அதன் பின்னரே உளியை எடுக்கிறார்கள். பூரியில் மரத்திருமேனிகள் புதிதாகும்போது, 2015-ல் நிகழ்ந்ததைப் போல, பழையதன் உள்ளே இருந்த பிரம்மப் பொருள் இருளில் புதியதற்கு மாற்றப்படுகிறது. காஞ்சியில் அத்தி மரத்துத் திருமேனி அனந்தசரஸின் நீருக்கடியில் சயனித்து, 1979-லும் 2019-லும் வெளிப்பட்டுத் தரிசனம் தர, கருவறையில் கல் திருமேனி நின்று பூசை ஏற்கிறது. பழையது, புதியது இரண்டையும் வரதர் என்றே அடியார்கள் அழைக்கிறார்கள், அவர்களுக்கு அதில் ஒரு முரண்பாடும் தெரிவதில்லை. நம் மாவட்டத்திலேயே கூவாகத்தில், சித்திரைப் பௌர்ணமிக்கு அரவானின் திருவுருவைத் தேரில் கட்டும்போது, சுற்றுக் கிராமங்கள் ஆளுக்கோர் அங்கத்தைக் கொண்டுவந்து சேர்க்க, வைக்கோலும் பூமாலையும் உடம்பாகி, அந்த உடம்புக்காகத் தாலி கட்டிக்கொண்ட திருநங்கையர் மறுநாள் அதை அறுத்து மார்பில் அறைந்து அழுகிறார்கள். எங்கெங்கோ இருந்து வந்த உறுப்புகளைக் கூட்டிய உருவம்தானே என்று அந்த அழுகையைக் கேட்டவர் ஒருவரும் சொல்லத் துணியமாட்டார்.

எங்கள் பையன் செய்யத் தவறியது இந்தக் கலாகர்ஷணத்தைத்தான். பணம் கொடுத்தான், கையெழுத்து வாங்கினான், வண்டியை இழுத்து வந்தான். அதில் குடியிருந்த இருபது ஆண்டு வாழ்வை எங்கே வைப்பது என்று கேட்கவில்லை. முதியவரின் கேள்வி அதைத்தான் கேட்டது. அவரைத் திண்ணையில் உட்கார்த்தி, காபி கொடுத்து, வண்டியைப் பற்றிச் சொல்லும்படி வேண்டினோம். இடப்பக்க மட்கார்டின் நசுங்கல், ஓர் ஐப்பசி மழையில் சரிந்து வந்த பாறை இடித்தது. பின் இருக்கைக்குக் கீழே தகட்டில் உள்ள வெல்டிங், இரவில் ஒரு கர்ப்பிணியை இறக்கி வரும்போது உடைந்ததை மறுநாள் பற்றவைத்தது. அந்தக் குழந்தைக்கு இப்போது கல்யாணமாகிவிட்டது. இருட்டும்வரை பேசினார். பையன் கீற்றின் சரிவுகளை எழுதிய அதே நோட்டில் இவற்றையும் எழுதிக்கொண்டான். கலசம் எது என்று எனக்கு அப்போது தெரிந்தது. இடப்பக்க நசுங்கலைத் தட்டி நிமிர்த்தி, பட்டி வைத்துச் சமன் செய்வதாக இருந்தவன், அதை அப்படியே விட்டுவிட்டான்.

இனிக் கடுக்காய் விஷயம். துருவை முழுவதும் சுரண்டி எடுத்துவிடலாமே, ஏன் அதன்மேலேயே பூசுகிறாய் என்று நான் கேட்டபோது, “சுரண்டிக்கிட்டே போனா தகடே மிஞ்சாது மாமா, உதிர்றதை மட்டும் எடுத்துட்டு மிச்சத்தை அடக்கணும்” என்றான். அடக்கணும் என்ற அச்சொல் என்னைத் திருவெண்ணெய்நல்லூருக்குக் கொண்டு சென்றது. கள்ளக்குறிச்சியிலிருந்து அதிகத் தூரமில்லாத அவ்வூரில் வாழ்ந்து சிவஞான போதத்தை அருளிய மெய்கண்டாரின் மரபு, ஆணவ மலத்தைச் செம்பிற் களிம்புக்கு ஒப்பிடும். களிம்பு செம்பின்மேல் என்றோ வந்து ஒட்டியதன்று. செம்போடு உடன் பிறந்தது, சகஜம். அதைவிட வியப்பு, முத்தியிலும் அந்த மலம் நாசமடைவதில்லை என்னும் சித்தாந்தம்; அதன் சக்தி மட்டுமே மடங்குகிறது, மறைக்கும் வலிமை இழந்து அது கிடக்கிறது. இளமையில் இக்கொள்கையைப் படித்தபோது எனக்கு மனநிறைவு இல்லை. விடுதலை என்றால் அழுக்கு அறவே ஒழிய வேண்டாமா, ஒழியாத அழுக்கோடு கூடிய விடுதலை என்ன விடுதலை என்று நெடுநாள் மயங்கியிருக்கிறேன். கடுக்காயின் துவர்ப்புச் சத்து துருவிலுள்ள இரும்போடு கூடி, எழுதும் மைக்கு நிறம் தந்த அதே கரும்பொருளாக மாறி, அரித்துத் தின்றுகொண்டிருந்ததே காக்கும் படலமாக அமைந்துவிடுவதை என் கண்ணால் பார்த்தபோது, அந்த மயக்கம் ஓரளவு தெளிந்தது. துரு அங்கேயேதான் இருக்கிறது. தின்னும் தொழிலை மட்டும் விட்டுவிட்டது.

துரு காற்றாலும் நீராலும் வெளியிலிருந்து வருவது, களிம்புபோல் உடன் பிறந்ததென்று எப்படிச் சொல்வது என்று ஒருவர் தடை எழுப்பலாம். அந்தத் தடைக்கு விடை சேலத்துக் கஞ்சமலையில் இருக்கிறது. அம்மலையின் காந்தக்கல், இரும்பும் பிராணவாயுவும் பிணைந்த பொருள். உலையில் கரியோடு சேர்த்துக் காய்ச்சும்போது கரி அந்தப் பிராணவாயுவைப் பறித்துக்கொண்டு போக, இரும்பு தனியே நிற்கிறது. மழையில் நின்றால் இழந்ததைத் தேடி மீண்டும் சேர்த்துக்கொள்கிறது. உலைக்குப் போவதற்கு முன்னே இரும்பின் நிலை ஏறக்குறைய துருவின் நிலைதான். ஆகவே உடன் பிறந்தது என்று சொல்வதில் பிழையில்லை என்றே நான் நினைக்கிறேன். மலையில் விளைந்த கடுக்காயே மலையில் உழைத்த வண்டிக்கு மருந்தாயிற்று என்பதையும் இங்கே சொல்லிவிட ஆசை. அதற்குத் தத்துவப் பொருள் ஒன்றும் தேட வேண்டியதில்லை, எனக்கு அது பிடித்திருந்தது, அவ்வளவே.

கடைசியில் வந்தது விளக்கு. படத்தில் வரும் ராங்ளருக்குச் சதுர விளக்குகள். மகிந்திராவுக்கு வட்ட விளக்குகள். இரண்டுமே 1941-ன் வில்லிஸ் ஜீப்பின் வம்சம்தான். மகிந்திரா 1947-லிருந்து அந்த வண்டியை இங்கே பூட்டி ஓடவிட்டது. மகிந்திராவின் ராக்ஸர் வண்டி ஜீப்பின் சாயலை மிகவும் ஒத்திருக்கிறதென்று 2020-ல் அமெரிக்காவில் தடை விதித்து, முகத்தை மாற்றிய பிறகே அனுமதித்த வழக்கும் உண்டு. ஒரே குடும்பத்து இரு பிள்ளைகளுக்கு முகத்தில் வேற்றுமை. அந்த வேற்றுமை கண்ணில். சாயல் முழுமை பெற வேண்டுமானால் முன் கிரில்லை அறுத்துச் சதுரக் கண் வைத்தாக வேண்டும். கிரைண்டரைக் கையில் எடுத்துக்கொண்டு அவன் ஒரு பகல் முழுதும் நின்றான். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், அவனுக்கு மனம் வரவில்லை. 2021-ல் புவிசார் குறியீடு பெற்ற கள்ளக்குறிச்சி மரச்சிற்பத் தொழிலில் வாழ்நாளைக் கழித்த பெரியவர் ஒருவரிடம் அழைத்துப் போனேன். அத்தி மரத்தில் அம்மன் ஒன்றைச் செதுக்கிக்கொண்டிருந்தார். உடல் முழுதும் முடிந்திருக்க, கண் மட்டும் குருடாக, மொழுக்கென்று இருந்தது. கண்ணைக் கடைசியில்தான் திறப்போம் என்றார். வண்டியைப் பற்றிக் கேட்டதும், “அதுக்குத்தான் ஏற்கெனவே கண்ணு தெறந்திருக்கே, தெறந்த கண்ணைத் தோண்டுறதாவது” என்று சொல்லிவிட்டு உளியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

அங்கிருந்து திரும்பும்போது எனக்குத் திருக்கோவலூர் நினைவு வந்தது. மழையிருட்டில் ஓர் இடைகழியில் ஒருவர் படுக்கவும், இருவர் இருக்கவும், மூவர் நிற்கவுமாக நெருங்கியிருந்த முதலாழ்வார்களில் பொய்கையார், அடியவர் எந்த உருவத்தை உகக்கிறாரோ அந்த உருவத்தையே இறைவன் தன் உருவமாகக் கொள்கிறான் என்று பாடினார். உகந்த உருவத்தை ஏற்ற பிறகும் அவன் அவனாகவே இருக்கிறான்; கல்லானதால் குறைந்ததில்லை, மரமானதால் மாறியதில்லை. அர்ச்சாவதாரத்தின் பெருமையே, பிறர் விருப்பத்துக்கு முழுதும் இணங்கியும் தன்னை இழக்காமை. திரைப்படத்துப் பொம்மை வண்டியையும் திருமேனியையும் ஒரே மூச்சில் பேசுவது அபசாரம் என்று நினைப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றே. வண்டியைத் தெய்வம் என்று சொல்லவில்லை. உகந்ததன் உருவத்தை வேறொன்றின்மேல் ஏற்றத் துணிந்த கை, ஏற்கப்படுவதன் இயல்பை அழிக்காமல் நடந்துகொள்ள வேண்டிய ஒழுங்கை நம் முன்னோர் திருமேனி விஷயத்தில்தான் நெடுங்காலம் சிந்தித்திருக்கிறார்கள். ஆகையால் அங்கேதான் போய்க் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. வட்டக் கண்களை அவன் விட்டுவிட்டான். படத்தை அறிந்தவர்கள் பார்த்த உடனே குறை சொல்வார்கள். சொல்லட்டும்.

ஆயுத பூஜையன்று முதியவரைச் சொல்லியனுப்பி வரவழைத்தோம். மணல் நிறமும் செந்நிறக் கீற்றுமாக, சக்கரங்களும் சிவந்து, வண்டி வாசலில் சந்தனம் குங்குமத்தோடு நின்றது. அவர் தூரத்திலேயே நின்றுவிட்டார். பிறகு மெல்ல வந்து, இடப்பக்க நசுங்கலின்மேல் கட்டை விரலை வைத்து அழுத்தினார். ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்து, ஸ்டீயரிங்குக்கு அடியில் கையை விட்டுத் துழாவினார். எலுமிச்சம்பழம் கட்டித் தொங்கவிட அவர் எந்தக் காலத்திலோ அடித்து வளைத்திருந்த ஆணி, வர்ணத்துக்கு அடியில் அங்கேயே இருந்தது. என் தமக்கையைப் பார்த்து, “அம்மா, வீட்டுல நூல் இருக்குங்களா?” என்று கேட்டார்.